கல்லுக்குத் திரும்பணும்

மொதச் சொட்டு விடும்போதே அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிட்டா, ஆச்சி, கண்ணைத் திறக்கக் கூடாது, முக்கா மணி நேரம் ஆகும், கால்மணிக்கு ஒரு தடவ நானே வந்து விடுவேன், நீங்க பாட்டுக்கு மூடிக்கிட்டு உக்காருங்கன்னு. ஆவுடையம்மாவும் சரி தாயின்னு மூடிக்கிட்டா. மூடின கண்ணுக்குள்ள மொளகாப்பொடி தொட்ட விரல வச்ச மாதிரி ஒரு எரிச்சல், அதுக்குப் பின்னாடியே தொண்டைக்குள்ள இறங்குற ஒரு கசப்பு, கண்ணுல விட்டது தொண்டையில எப்படிக் கசக்கும், உள்ளுக்குள்ள எல்லாம் ஒரே வீடுதான் போல, ஒரு கதவத் தட்டுனா இன்னொரு அறையில கேக்குதுன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கையிலதான் பக்கத்துல இருந்த புருசன் எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. ரப்பர் செருப்பு ரெண்டும் தரையில உரசி ஒண்ணாச் சேருற சத்தம். முப்பத்தெட்டு வருசமா அவளுக்குத் தெரிஞ்ச சத்தம் அது. ஒரு எட்டு எடுத்து வைக்கிறதுக்கு முன்னால காலு ரெண்டையும் சேத்து வச்சு நிப்பாக, போலீசுக்காரன் பெரிய ஆபீசரப் பாத்தா நிப்பானே, அப்படி. "எதுத்தாப்ல மருந்துக்கடைக்கு எத்தனை எட்டுன்னு பாத்துட்டு வந்துருதேன்"னாக. "சரி, போய்ட்டு வாங்க"ன்னுட்டா இவ. வாய் சொல்லிருச்சு. செருப்புச் சத்தம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தூரமாப் போயி, ஜனங்க பேச்சுக்குள்ள முங்கிப்போன பிறகுதான் என்ன சொன்னோம்னு அவளுக்குப் புரிஞ்சுது. கோவில்பட்டியில பஸ் ஏறுனதுல இருந்து திருநவேலி வந்து எறங்குற வரைக்கும் அவுக சட்டை முனைய விடாமப் பிடிச்சிக்கிட்டு வந்தவ, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கண்ணுல இருந்து விலக விடமாட்டேன்னு செண்பகவல்லி சன்னதியில சத்தியம் பண்ணிட்டு வந்தவ, கண்ணை மூடின அரை நிமிசத்துல அனுப்பிவச்சிட்டா. பழக்கம். பழக்கம்ங்கிறது அவ நாக்குல ஒரு மாடு மாதிரி, வண்டியில ஆளு தூங்குனாலும் அது பாட்டுக்கு வீட்டுக்குப் போகும், வீடு இடிஞ்சு போச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது.

கண்ணைத் திறந்து ஓடலாமான்னு பாத்தா, திறந்தா மறுபடி மொதல்ல இருந்து சொட்டு விடணும்னு அந்தப் பிள்ளை மெரட்டிருக்கா, அதுவுமில்லாம ஓடித்தான் என்ன செய்ய, என்னன்னு கூப்பிட. எண்ணிக்கிட்டுப் போற மனுசனக் கூப்பிடக் கூடாது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். திரவியம் சர்வே ஆபீசுல செயின்மேனா இருந்தவுக. நெலம் அளக்கையில சங்கிலி இழுக்குற வேலை. சங்கிலிக்கு ரெண்டு ஆளு வேணும், முன் ஆளு முனையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவான், பின் ஆளு கல்லுல நின்னு அடி முனையப் பிடிச்சிக்கிட்டு எண்ணிக்கைய வச்சிருப்பான், எண்ணிக்கை தப்பிருச்சுன்னா அங்க நின்னுக்கிட்டு யோசிக்கக் கூடாது, கெளம்புன கல்லுக்குத் திரும்பி வந்து ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். ஆபீசுல அது வேலை, திரவியத்துக்கு அதுவே பொழப்பாப் போச்சு. எங்க நடந்தாலும் எண்ணிக்கிட்டுத்தான் நடப்பாக. ஒரு எட்டு ரெண்டரை அடி, நூலு பிடிச்ச மாதிரி, தெருப் பயலுக டேப்பு வச்சுக்கூடப் பாத்துட்டானுக, தப்பாது. வீட்டு வாசப்படிக் கல்லுல இருந்து பால்கடை எரநூத்திப் பதினாறு. பிள்ளையார் கோயில் நானூத்திப் பன்னெண்டு. மக படிச்ச பள்ளிக்கூடம் ஆயிரத்து முன்னூத்தி எம்பது. நடுவுல யாராவது என்ன திரவியம் சௌக்கியமான்னு கேட்டுட்டா போச்சு, ஒரு மொறை மொறைச்சிட்டு அப்படியே திரும்பி வீட்டு வாசக்கல்லுக்கு வந்து, காலச் சேத்து வச்சு, திருப்பியும் ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். மணவடைய மூணு சுத்து சுத்துறப்ப அவ சுண்டு விரலப் பிடிச்சிக்கிட்டு மாப்பிள்ளை உதட்டுக்குள்ளயே என்னமோ முணுமுணுத்தாரு, ஆகா, பக்திமான் வாய்ச்சிருக்காருன்னு இவளுக்குப் புல்லரிச்சுப் போச்சு. மறுநா காப்பி குடுக்கையில சொன்னாக, "சுத்துக்குப் பதினாலு வரணும். ஒன் எட்டு குட்டை, அதான் பதினாறாயிருச்சு." மாமியாக்காரி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "அவன் கிறுக்கன் இல்ல தாயி, அளவுக்காரன்"னா. அந்தச் சொல்ல வச்சுத்தான் இவ முப்பத்தெட்டு வருசம் ஓட்டிருக்கா.

யாரோ பக்கத்துல வந்து உக்காந்தாக, தைல வாசம் அடிக்குது, அவுக இல்ல. அவுக வாசம் வேற, வேப்பங்கொழுந்தும் வேர்வையும். எத்தனை நேரம் ஆயிருக்கும். ஒரு மருந்துக்கடைக்குப் போக என்ன, அம்பது எட்டு இருக்குமா, நூறு இருக்குமா. இவளுக்கு எண்ணத் தெரியாது, கூடவே நடந்தும் எண்ணுனதில்ல. பின்னால நாலடி தள்ளி வாயக் கட்டிக்கிட்டு நடந்தவ. பேசாம நடக்குறதுன்னா மத்த பொம்பளைக்குப் பெருசில்ல, ஆவுடையம்மாவுக்கு அது பட்டினி கெடக்குற மாதிரி. பொறந்த வீட்டுல அவளுக்கு ரேடியோப் பெட்டின்னு பேரு. அவ சின்ன மாமன் ஒருத்தரு பக்கத்தூருக்குப் பொண்ணு பாக்கப் போகையில இவளக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டாரு, ஏன்னா இவ போயி அந்த வீட்டுல மாமனுக்கு மூலம் இருக்கிறது வரைக்கும் சொல்லிருவான்னு, அந்த மாமன் கடைசியில கல்யாணமே பண்ணிக்கல, அது வேற காரணம். அப்பேர்ப்பட்டவள, ரோட்டுல ஒரு சொல்லு பேசக் கூடாதுங்கிற ஒருத்தருக்குக் கட்டி வச்சாக. பேச வேண்டியதெல்லாம் உள்ளுக்குள்ளயே பேசிப் பேசி, இப்ப பாருங்க, கண்ணை மூடினா வாயில்லாமலே ஒரு சந்தைக்கடை ஓடுது. மக செண்பகம் பொறந்த கதைய எடுத்துக்கோங்க. வலி கண்டுருச்சு, ஆட்டோ கூப்பிடப் போனாக, ஆட்டோ நிக்கிற எடம் முன்னூத்தி நாப்பது, முன்னூறுல தையக்கட ஆறுமுகம் என்ன அண்ணாச்சி வெயில்லன்னு கேட்டுட்டாரு, திரும்பி வந்துட்டாக. இவ கட்டில்ல கெடந்து அலறுறா, வாசல்ல காலச் சேத்து வச்சிக்கிட்டு ஒண்ணுங்குறாக. ரெண்டாந்தடவ பால்காரன் கேட்டுட்டான். மூணாந்தடவ ஆட்டோவோட வந்து எறங்கையில, அடுத்த வீட்டு ராசம்மக்கா பிள்ளைய எடுத்துக் குளிப்பாட்டித் துணியில சுத்தியாச்சு. பத்து வருசம் அந்தக் கோவம் இவளுக்கு இருந்துச்சு. அப்புறம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிச்சிட்டா. தெருப் பயலுக வேணும்னே வணக்கம் அண்ணாச்சின்னு கத்துவானுக, அவுக திரும்புனதும் "டேய், ரிட்டர்ன் டிக்கெட் வருதுடா"ன்னு கைதட்டுவானுக. இவ தம்பி ஒருத்தன் துடுக்கா, "அத்தான், சுடுகாட்டுக்கு எத்தனை எட்டு?"ன்னு கேட்டான் ஒரு தீவாளிக்கு. அவுக சிரிக்காமச் சொன்னாக, "ஆயிரத்து அறுநூத்தி நாலு. தூக்கிட்டுப் போறவன் குட்டையா எட்டு வைப்பான், ஒரு நூறு கூடச் சேத்துக்கோ." எல்லாரும் சிரிச்சாக, தம்பி சிரிக்கல. அந்தத் தம்பி போன வருசம் போயிட்டான், அவுக அவன் பாடைக்குப் பின்னாலயே எண்ணிக்கிட்டுப் போனாக, வந்து கால் கழுவிட்டு "ஆயிரத்து எழுநூத்தி ஒம்பது"ன்னு மட்டும் சொல்லிட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அழுததை அப்பத்தான் பாத்தா.

"ஆச்சி, தலைய அண்ணாந்துக்கோங்க." ரெண்டாவது சொட்டு. குளுந்து விழுந்து எரிஞ்சு கசந்துச்சு. "ஏம்மா, இங்கன எங்க வீட்டுக்காரக இருந்தாக, உயரமா, வெள்ளச் சட்டை, வந்துட்டாகளா பாரு"ன்னா. "எல்லாரும் வெள்ளச் சட்டைதான் ஆச்சி போட்டுருக்காக. டீ குடிக்கப் போயிருப்பாக. கண்ண அழுத்தாதீங்க"ன்னுட்டு அந்தப் பிள்ளை போயிருச்சு. டீ குடிக்க மாட்டாக. வெளிய ஒரு டீ குடிச்சதில்ல, கடைக்காரன் சக்கரை போடவான்னு கேப்பான், எண்ணிக்கை போயிரும். அதைப் போயி இந்தப் பிள்ளைகிட்டச் சொல்ல முடியுமா. கிறுக்குன்னு நெனைக்கும். கிறுக்கு இல்ல. அளவுக்காரன். அது எங்க இருந்து வந்துச்சுன்னு ஊருல யாருக்கும் தெரியாது, இவளுக்கு மட்டுந்தான் தெரியும், அதுவும் கல்யாணமாகிப் பத்து வருசங்கழிச்சு ஒரு மழை நாளையில, கூரை ஒழுகுற எடத்துலயெல்லாம் ஏனத்த வச்சிட்டு ரெண்டு பேரும் உக்காந்திருக்கையில ஒரே ஒரு தடவ சொன்னது. கயத்தாறுக்குக் கெழக்க ஒரு கரிசக்காடு, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குப் பாகம் பிரிக்க அளக்காக. இவுகளுக்கு இருவத்திரெண்டு வயசு, பின் ஆளு, எண்ணிக்கை இவுக கையில. சைக்கிள்ல போன சேக்காளி ஒருத்தன் நின்னு, என்ன திரவியம், கோயில் கொடைக்கு ஊருக்கு வாரியான்னு கேட்டான், இவுகளும் ரெண்டு வார்த்தை பேசுனாக. அங்க இருந்து சர்வேயர் எத்தனைடான்னு கத்துறாரு. எண்ணிக்கை போயிருச்சு. திரும்பி முள்ளுக்காட்டுல அம்புட்டுத் தூரம் நடக்கணும், உச்சி வெயிலு. குத்துமதிப்பா "பதினேழு"ன்னு சொல்லிட்டாக. நெசத்துல பதினாறு. ஒரு சங்கிலி தூரம் தள்ளிக் கல்லு விழுந்து, தம்பி பாகத்துக் கெணறு அண்ணன் பாகத்துக்குப் போயிருச்சு. ஒரு மாசத்துல கெணத்தடியில வெட்டு. தம்பிக்காரனுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு. இவுக ஓடிப் போயி சர்வேயர்ட்டச் சொன்னதுக்கு, கல்லு நட்டாச்சு, வாயப் பொத்திக்கிட்டுப் போடான்னுட்டாரு. மறுபடி மனு எழுதி எழுதி நாலு வருசத்துல கல்லு நகந்துச்சு, கை மொளைக்குமா. அன்னைக்கு மழைச் சத்தத்துல மெதுவாச் சொன்னாக, "பதினேழுன்னு சொன்னேன் ஆவுடை. தெரியலன்னு சொல்லிருந்தா ஒரு கை இருந்திருக்கும்." அதுக்கப்புறம் ஒருநா கூட ரோட்டுல இவ அவுகளக் கூப்பிட்டதில்ல. பேசாம நடக்குறது பட்டினின்னா, அது விரதம்னு அன்னைல இருந்து வச்சிக்கிட்டா.

விரதந்தான் வெனையாப் போச்சு. ஆடி மாசம் ஒரு மத்தியானம் பிள்ளையார் கோயிலுக்குப் போனவுக பாதியில திரும்பி வந்தாக. "என்ன வந்துட்டீக?" "எவனோ பேசிட்டான்." இவ வாசல்லயேதான் நின்னா, தெரு முனை வரைக்கும் தெரியுது, ஒரு ஈ காக்கா இல்ல, செவல நாயி ஒண்ணு நெழல்ல படுத்துக் கெடந்துச்சு. திருப்பிப் போனாக, திருப்பி வந்தாக. நாலு தடவ. நாலு தடவையும் எவனோ பேசிட்டான். காது கேக்காத வயசுல பேசாத பேச்சுக் கேக்குது போலன்னு இவ கேலி பண்ணிட்டு மோரு கரைச்சுக் குடுத்தா. அப்புறம் ஒருநா பால்கடை முன்னூத்தி நாலுன்னாக. புதுச் செருப்பான்னு கேட்டா. புதுச் செருப்பு வாங்குனா எட்டு மாறிரும்னு ஊர் பூராத்தையும் மறுபடி அளக்குறவுகதான. அவுக குனிஞ்சு காலப் பாத்தாக. தேஞ்சு போன அதே பழைய ரப்பர் செருப்பு. அப்பவாவது இவளுக்கு ஒறைச்சிருக்கணும். இவளுக்கு ஒறைக்காது, ஏன்னா ஒறைக்காத குடும்பம் அது. பெரியம்மா சுப்பக்கா இருந்தாளே, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாமி வரும், கண்ணு மேல சொருகும், பல்லக் கடிப்பா, வெட்டி வெட்டி இழுக்கும், ஊரே கால்ல விழுந்து திருநீறு வாங்கும், இவ கழுத்துல கெடந்த தங்க வேப்பங்கா மணி கூட அந்தச் சாமி கேட்டுக் கழட்டிக் குடுத்ததுதான். ஒரு வெள்ளிக்கெழம சாமி வந்துச்சு, எறங்கல. பாளையங்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடுனாக. டாக்டரு மொதக் கேள்வியா, இந்த வலிப்பு எத்தனை வருசமா இருக்குன்னு கேட்டாரு. பதினோரு பேரு போயிருந்தாக, பதினோரு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாக, பதில் சொல்ல ஆளில்ல, ஏன்னா அத நோயின்னு ஒருத்தரும் எண்ணலையே. நாளைக்கு இவகிட்டயும் ஒரு டாக்டரு கேப்பாரு. எப்ப இருந்தும்மா இவரு இப்படி? என்னத்தச் சொல்ல. கட்டிக்கிட்ட நாள்ல இருந்துன்னா. மணவடையில இருந்துன்னா. எது அவுக, எது சீக்கு, எந்த எடத்துல அது முடிஞ்சு இது ஆரம்பிச்சுது, அதுக்கு நடுவுல ஒரு கல்லு நட்டுருந்தா நல்லாருந்திருக்கும். பக்கத்துல தைல வாசக்காரி, "ஏன் ஆச்சி அழுதீக, மருந்து வெளிய போயிரும்"ங்கா. அழல தாயி, மருந்துதான் ஒழுகுதுன்னா.

செவ்வாக்கெழம நடந்ததத்தான் நெனைக்கக் கூடாதுன்னு இருந்தா, அதுதான் மூடின கண்ணுக்குள்ள செவப்பா நிக்குது. காலையில வாசல் கூட்டிக்கிட்டு இருக்கா, அவுக வெளிய எறங்கி நேரா ராசம்மக்கா வீட்டு வாசப்படிக்குப் போயி காலச் சேத்து வச்சாக. ஒண்ணுன்னாக. நம்ம வாசல் இது, அது அடுத்த வீடு, முப்பத்தெட்டு வருசமா நடந்து நடந்து நம்ம கல்லு நடுவுல குழி விழுந்து கெடக்கு. வெளக்கமாறப் பிடிச்சிக்கிட்டு நின்னா. கூப்பிட்டுருக்கலாம். ஏங்க, அது நம்ம வீடு இல்லீங்கன்னு ஒரு சொல்லு. அவுகதான் எண்ண ஆரம்பிச்சிட்டாகளே. எண்ணுறவுகளக் கூப்பிடக் கூடாதே. பாத்துக்கிட்டே நின்னா, அவுக முனை திரும்பிப் போயிட்டாக. பதினோரு மணி வாக்குல ஒரு டிவிஎஸ்காரன் பின்னால ஏத்திக் கொண்டாந்து எறக்கி விட்டான். "ஆச்சி, பைபாஸ்ல நடு ரோட்டுல நின்னாரு, ரெண்டு பக்கமும் லாரி, ஆரன் அடிக்க அடிக்க நகரல, என்னமோ நம்பர் சொல்லிக்கிட்டு இருக்காரு." உதடு வெடிச்சிருந்துச்சு. தண்ணி குடுத்தா, குடிச்சிட்டு, "இந்த வீட்டுக்குக் கல்லு எது?"ன்னு கேட்டாக. சாதாரணமா, உப்பு எங்கன்னு கேக்குற மாதிரி. அன்னைக்கு மக போன் பண்ணுனா, திருப்பூர்ல இருந்து தெனமும் பதினொன்னரைக்குப் பண்ணுவா, அப்பா எப்படி இருக்காகன்னா. "அவுகளுக்கென்ன, நடக்காக"ன்னு சொன்னா இவ. பொய் இல்லையே. நடக்கத்தான செஞ்சாக. சொன்னா என்ன ஆகும்னு இவளுக்குத் தெரியும். மக வந்து கூட்டிட்டுப் போயிருவா. நாலாவது மாடி. கதவச் சாத்திச் சாவியப் போட்டுக்கிட்டு மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போயிருவாக. அறைக்குள்ள எத்தனை எட்டு வைப்பாக, ஒம்பது, மிஞ்சிப் போனா பத்து, திரும்பு, ஒம்பது, திரும்பு. கூண்டுல பாத்துருக்காளே ஒரு நரிய, மதுரையில, அது அப்படித்தான் நடந்துச்சு. அந்த நரி இவளப் பாக்கவே இல்ல.

மடியில கெடந்த பைக்குள்ள போன் அடிச்சிருச்சு. அப்ப மணி பதினொன்னரை. அவுக போயி அரை மணிக்கு மேல ஆச்சு. தடவி எடுத்து அமுக்குனா.

"எம்மா, டாக்டர் பாத்துட்டாரா?"

"இல்லடி, சொட்டு விட்டு உக்கார வச்சிருக்கு."

"அப்பா எங்க?"

தொண்டையில அந்தக் கசப்பு. "பக்கத்துலதான் இருக்காக."

"குடு, ஒரு வார்த்தை பேசிக்கிடுதேன். நாலு நாளாச்சு அப்பா குரலக் கேட்டு."

"எண்ணிக்கிட்டு இருக்காகடி."

அந்தப் பக்கம் மக சிரிச்சா. "உக்காந்துக்கிட்டேவா? என்னத்த எண்ணுதாரு, ஆஸ்பத்திரி சன்னல் கம்பியவா? சரி சரி, எண்ணட்டும். நான் பேசிட்டேன்னு மறுபடி கோவில்பட்டிக்குத் திரும்பிறப் போறாரு"ன்னு சொல்லி இன்னும் சிரிச்சு, கால்மணியில திரும்பக் கூப்பிடுறேன்னு வச்சிட்டா. இவ போன வச்சிக்கிட்டே இருந்தா. எண்ணிக்கிட்டு இருக்காகன்னு சொல்லிட்டாப் போதும், அந்தக் குடும்பத்துல அதுக்கு மேல ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாக. அவுக கிறுக்க எடுத்து அவுக சீக்கு மேல போத்தி விட்டுருக்கா. எத்தனை நாளா. ஆடியில இருந்து. பதினேழு, பதினேழுன்னு மகளுக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. யாருக்கு எந்தக் கை போகப் போகுதோ. வெளிய ஒரு பஸ்சு ஆரனை விடாம அடிக்குது, அடிச்சு அடிச்சு நின்னு போச்சு, நின்னதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல, எதுக்கு இப்படி ஒரு சத்தமும் இல்ல, ஜனங்க ஓடுறாகளா, இல்ல, யாரோ இருமுறாக, ஒரு பிள்ளை பிஸ்கோத்து கேட்டு அழுவுது, அப்ப ஒண்ணும் ஆகல, ஆயிருந்தா ஓடியிருப்பாக. அவுக சட்டைப்பையில ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கலாம், பேரு, ஊரு, போன் நம்பரு. நாய்க்குக் கழுத்துல தகடு கட்டுற மாதிரி இருக்குமேன்னு வைக்கல. கௌரவம். இனிமே வச்சுக்கோ கௌரவத்த. மூணாவது சொட்டுக்கு அந்தப் பிள்ளை வந்தா. தாடையப் பிடிச்சா, விட்டா, துடைச்சா. "அவ்வளவுதான் ஆச்சி, பத்து நிமிசத்துல உள்ள கூப்பிடுவாக, போயிறாதீக." இவ எந்திரிச்சா. "ஆச்சி, எங்க? கண்ணு தெரியாது ஒங்களுக்கு, விழுந்துருவீக. ஒங்க பேரு அடுத்தாப்ல வருது, விட்டா சாயங்காலம் ஆயிரும்."

"வரட்டும் தாயி. வாசல் எந்தப் பக்கம்?"

கண்ணைத் திறந்தா ஒரே வெள்ளை. கோலப்பொடி டப்பாவக் கண்ணு மேல கவுத்துன மாதிரி, ஆளுக எல்லாம் அதுல கரைஞ்சு கரைஞ்சு போறாக, செவுரு எது கதவு எதுன்னு தெரியல. கைய முன்னால நீட்டிக்கிட்டு, யாரு மேலயோ மோதி, ஏம்மா பாத்து வாங்கன்னு ஒருத்தர் வைய, வெயிலு கண்ணுல கத்தி மாதிரி எறங்குது, படி மூணு எறங்குனா, நாலாவது இருக்குமோன்னு காலத் தடவுனா. அப்பத்தான் கேட்டுச்சு. ஆட்டோ சத்தத்துக்கு அங்கிட்டு, அவுக தொண்டை. "நூத்தி நாப்பத்தேழு." கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. "நூத்தி நாப்பத்தேழு."

காக்கிச் சட்டை மாதிரி ஒரு நெறம் கிட்ட வந்துச்சு, வாட்ச்மேன். "ஆச்சி, அந்தப் பெரியவரு ஒங்க ஆளா? அப்பப் பிடிச்சு அங்கனயேதான் நிக்காரு. நான் கிட்டப் போயி என்ன அண்ணாச்சி வேணும்னு கேட்டா, ஒரு மொறை மொறைச்சிட்டு அந்த வேப்பமரத்துக்குத் திரும்பிப் போயிருதாரு. போயி ஒண்ணுல இருந்து வாராரு. நூத்தி நாப்பத்தேழு வந்ததும் நின்னுருதாரு. மூணு தடவ ஆச்சு. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

"தம்பி, நீ பேசாத. ரோட்டத் தாண்டிட்டாகளா?"

"இல்ல, ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளதான் நிக்காரு. நூத்தி நாப்பத்தேழுல கேட்டு வந்துருது, அதுக்கு அங்கிட்டு ரோடு."

சாமி, ஒனக்கு ஒரு தேங்கா. சத்தம் வந்த பக்கமா நடந்தா. வெள்ளைக்குள்ள கொஞ்சம் கெட்டியா ஒரு வெள்ளை, உயரமா, கால ஒண்ணாச் சேத்து வச்சிக்கிட்டு. வேப்பங்கொழுந்து வாசம். "நூத்தி நாப்பத்தேழு"ங்கிற அந்தக் குரல்ல இவ இதுவரைக்கும் கேக்காத ஒண்ணு இருந்துச்சு, இருட்டுக் கெணத்துல கயித்த விட்டுட்டுத் தண்ணி தட்டுதா தட்டுதான்னு பாக்குற மாதிரி. அடுத்தது இருக்கு, எங்கயோ இருக்கு, கைக்கு எட்டல. முப்பத்தெட்டு வருசம் ரோட்டுல பேசாதவ. நாலடி பின்னால நின்னா. வாயத் தெறந்தா திரும்பி வேப்பமரத்துக்குப் போயிருவாக. போகட்டும்.

"நூத்தி நாப்பத்தெட்டு"ன்னா.

அவுக திரும்பிப் பாக்கல. மூச்ச இழுத்து விட்ட சத்தம் கேட்டுச்சு. "பின் ஆளு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"இம்புட்டு நேரம் எங்கல போன?"

"இங்கனதான் இருந்தேன். இந்தப் பக்கமாத் திரும்பி எட்டு வைங்க."

செருப்பு உரசுச்சு. சட்டை முனையப் பிடிச்சிக்கிட்டா. அவுக எட்டு வைக்க வைக்க இவ சொன்னா, நூத்தி நாப்பத்தொம்பது, நூத்தி அம்பது, ரோட்ட விட்டு உள்ள திரும்பி, நூத்தி அம்பத்தஞ்சு, கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது, ஒண்ணுமே தெரியல, அவுக முதுகுதான் பாதை. நூத்தி அறுவத்திரெண்டு. நூத்தி அறுவத்தி மூணு. பைக்குள்ள போன் அடிச்சுச்சு. ரெண்டு பேரும் நின்னாக. இது மக. எடுத்தா எண்ணிக்கை போயிரும். எடுக்கலன்னா இன்னும் ஒருநா ஓடிரும், அவுகளுக்கென்ன, நடக்காகன்னு. போன் அடிச்சு அடிச்சு நிக்கப் போகுது. எடுத்தா.

"எம்மா, என்ன சொன்னாரு டாக்டரு? அப்பா எண்ணி முடிச்சாகளா? நல்லாத்தான இருக்காக?"

"தெரியலடி"ன்னா. "தெரியல செண்பகம். அப்பாவுக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சு. ஆடியில இருந்து. நான் ஒங்கிட்டச் சொல்லல. நீ வா. கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல, மொத வந்து பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்த தையல் மிசின மக நிறுத்துன சத்தம் கேட்டுச்சு. அப்புறம் "எம்மா"ன்னா மக. அப்புறம் "வாரேம்மா"ன்னா, சிரிப்பில்லாத குரல்ல. இவ வச்சிட்டா.

அவுக மெதுவாத் திரும்புனது தெரிஞ்சுது. "எவனோ பேசிட்டான்."

"எவனும் இல்ல. நாந்தான் பேசிட்டேன்."

"எத்தனையில விட்டோம்?"

நூத்தி அறுவத்தி மூணுன்னு நாக்கு நுனியில நின்னுச்சு. அது சரிதானா. மகள்ட்டப் பேசுறப்ப ஒரு எட்டு நகந்தாகளா, ரெண்டா. "தெரியல"ன்னா.

அவுக தலைய ஆட்டியிருக்கணும், சட்டை அசைஞ்சுது. தப்புப் பண்ணாத வேலைக்காரனப் பாத்து மேஸ்திரி தலையாட்டுற மாதிரி. "அப்பக் கல்லுக்குத் திரும்பணும்"னாக. ரெண்டு எட்டு போயி நின்னுட்டாக. முப்பத்தெட்டு வருசத்துல நடந்து போற வழியில மொதத் தடவையா இவகிட்ட ஒண்ணு கேட்டாக. "ஆவுடை. கல்லு எது?"

உள்ள மைக்குல இவ பேரக் கூப்பிடுறாக. ஆவுடையம்மா, கோவில்பட்டி. ஆவுடையம்மா. இவ அவுக கையத் தடவிப் பிடிச்சு, தன் காலுக்குப் பக்கத்துல அவுக காலு வந்து சேருற வரைக்கும் இழுத்தா.

"இதான்"னா. "நான் நிக்கேன்லா, இதான் கல்லு."

செருப்பு ரெண்டும் உரசி ஒண்ணாச் சேந்துச்சு. அவுக காத்துக்கிட்டு நின்னாக. இவ சத்தமா, ரோட்டுல போறவுக எல்லாம் திரும்பிப் பாக்குற மாதிரிச் சொன்னா.

"ஒண்ணு."